நெருக்கடி மேலாண்மை ஆய்வு: 2019 கூடங்குளமும் 2023 வெள்ளமும் ஒரே பிஎச்டி-க்குள் வருமா?

பாளை_ஸ்காலர்:
வணக்கம். 'நவீன பாதுகாப்பு அச்சுறுத்தல்களும் நெருக்கடி மேலாண்மையும்' என்ற தலைப்பு ரொம்ப அகலம் என்று டாக்டரல் கமிட்டி திருப்பிவிட்டது. நெல்லைச் சீமைக்குள்ளேயே சுருக்கப் பார்க்கிறேன். கையில் இருப்பது இரண்டு: கூடங்குளம் அணுமின் நிலையக் கணினியில் தீநிரல் (மால்வேர்) புகுந்த 2019 விவகாரம், தாமிரபரணி வட்டாரத்தை மூழ்கடித்த 2023 டிசம்பர் வெள்ளம். இரண்டையும் சேர்க்கலாமா, இல்லை ஒன்றை விட்டுவிடணுமா? அரசு ஆவணத்தை எப்படிக் கேட்டால் கிடைக்கும்? சனங்களிடம் பேட்டி எடுக்கும்போது எதில் கவனமாக இருக்கணும்? அனுபவப்பட்ட அண்ணாச்சிமார், அக்காமார் சொல்லுங்க.

மறுகால்:
சேர்க்கலாம் தம்பி. ஆனால் 'இரண்டும் பாதுகாப்புப் பிரச்சினை' என்று சொல்லி ஒட்ட வைத்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பிய்ந்துவிடும். ஒன்றில் எதிராளி இருக்கிறான். மழைக்கு உள்நோக்கம் கிடையாது. இரண்டிலும் ஒரே அளவுகோலால் அளக்க முடிந்தது ஒன்றுதான்: விஷயம் ஒரு மேசைக்கு வந்த நேரத்துக்கும் ஊருக்குச் சொன்ன நேரத்துக்கும் உள்ள இடைவெளி. தலைப்பை அதில் கட்டுங்க.

ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்க: நடந்தது, தெரிந்தது, முடிவெடுத்தது, வெளியே சொன்னது. கூடங்குளத்துக்கு நிரப்பினால் இப்படி வரும். 2019 செப்டம்பர் 4: ஒன்றிய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கவனித்து, ஆலையை நடத்தும் அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. அக்டோபர் 28: டிட்ராக் என்ற உளவுத் தீநிரலின் மாதிரி பற்றிய பேச்சு இணையத்தில் வெடித்தது. 29: ஆலைத் தரப்பின் மறுப்பு. 30: கழகத்தின் ஒப்புதல். தெரிந்ததுக்கும் சொன்னதுக்கும் நடுவே 56 நாள். 'நடந்தது' கட்டம் காலியாக இருக்கும், ஏனென்றால் கழக அறிக்கையில் தொற்றிய தேதி கிடையாது. ஊகத்தை எழுதி அதை நிரப்பிவிடாதீங்க.

29-ஆம் தேதி மறுப்பையும் 30-ஆம் தேதி ஒப்புதலையும் பக்கத்தில் வைத்து வாசியுங்க. மறுப்பு பேசியது உலைக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி. அது தனித்து இயங்குவது என்றார்கள். ஒப்புதல் பேசியது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு கணினியைப் பற்றி. சனங்கள் கேட்டது ஒன்று, பதில் வந்தது இன்னொன்றுக்கு. ஒரு அத்தியாயமே அதில் கிடக்கிறது. 'அணுஉலை ஹேக் ஆனது' என்று மட்டும் எழுதாதீங்க, தப்பு. லாசரஸ் என்ற ஹேக்கர் கும்பலின் பெயரும் அப்படித்தான்: டிட்ராக் என்ற கருவி அவர்களுடையது என்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கை சொன்னது வேறு, இந்தச் சம்பவத்தைச் செய்தது யார் என்பது வேறு.

சைபர் சம்பவங்களைத் தெரிவிப்பது பற்றிய செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவில் வரும் 6 மணி நேரக் கெடுவைக் கொண்டுவந்து இங்கே ஒப்பிடுவார்கள். அந்தக் கெடு நிறுவனம் செர்ட்-இன்னுக்குச் சொல்வதற்கு. இங்கே செர்ட்-இன்தான் நிறுவனத்துக்குச் சொன்னது. ஊருக்குச் சொல்ல அதில் கெடுவே இல்லை.

எட்டாம்_அணை:
வெள்ளப் பக்கம் நான் சொல்கிறேன். முதல் சறுக்கல் தேதியில் வரும். காயல்பட்டினம் 95 செ.மீ. என்பது 2023 டிசம்பர் 17 காலை 8.30 முதல் 18 காலை 8.30 வரை பெய்தது. வானிலை மையப் பதிவில் 18-ஆம் தேதிப் பெயரில் இருக்கும். அதை அப்படியே 'நடந்தது' கட்டத்தில் 18 என்று போட்டால், மழை ஒரு நாள் தள்ளிப்போய், எச்சரிக்கை ஒரு நாள் முன்பே வந்ததுபோலக் கணக்கு காட்டும். எச்சரிக்கை எப்போது வந்தது என்பதில் ஒன்றிய அரசும் மாநில அரசும் அப்போதே முட்டிக்கொண்டன, அதனால் இந்த ஒரு நாள் சாதாரணமில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் எச்சரிக்கையின் மொழி. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. அதுக்கு மேலே படி கிடையாது. 21 செ.மீ.-க்கும் அதே சொல், 95-க்கும் அதே சொல். சிவப்பு எச்சரிக்கை கையில் இருந்தும் அதிகாரி எந்த அளவுக்கு ஆயத்தம் செய்வது என்று தடுமாற இடம் இருக்கிறது. 'எச்சரிக்கை வந்ததா, வரவில்லையா' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'வந்த எச்சரிக்கையை வைத்து என்ன முடிவெடுக்க முடிந்திருக்கும்' என்று கேளுங்க.

அடுத்தது, எல்லாத் தண்ணீரையும் அணை தலையில் கட்டுவது. காயல்பட்டினத்தில் கொட்டியது கடலோர மழை. அது பாபநாசம் அணையிலிருந்து வந்த தண்ணீர் இல்லை. வண்ணாரப்பேட்டையில் ஏறியது ஆற்று வெள்ளம். ஸ்ரீவைகுண்டத்துக்கு வரும்போது சீவலப்பேரியில் சேர்ந்த சிற்றாறும் கூட உண்டு. ஏரல் பக்கம் போனால் குளங்கள் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் பண்ணணும். ஊருக்கு ஊர் தண்ணீரின் மூலம் வேறு, எச்சரிக்க வேண்டிய துறையும் வேறு. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கத்தால் இணைந்தவை, இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தே வாசியுங்க. பத்திரிகையில் வெறுமனே 'கன அடி' என்று இருந்தால் அது வினாடிக்கு, சுமார் 35.3 கன அடி ஒரு கன மீட்டர்.

மனுதாரர்:
ஆர்டிஐ-யில் (தகவல் உரிமைச் சட்ட மனுவில்) 'ஏன் தாமதம்?' என்று கேட்டால் 'விளக்கம் தர இயலாது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்க. உதாரணம்: "2023 டிசம்பர் 16 காலை 6 மணி முதல் 19 மாலை 6 மணி வரை மணிமுத்தாறு அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றப் பதிவேட்டின் சான்றிட்ட நகல்." நீர்வளத்துறைக்கு ஒரு மனு, ஆட்சியர் அலுவலகப் பேரிடர் பிரிவுக்கு வேறு மனு. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு வந்த அழைப்புகளின் பதிவேட்டை, பேர், நம்பர் நீக்கி, நேரமும் ஊரும் மட்டும் கேளுங்க. பேரோடு கேட்டால் அந்தரங்கம் என்று தள்ளிவிடுவார்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. ஆய்வுக் காலத்தில் ஒரு வருஷத்தை இதுக்கென்று ஒதுக்கி வையுங்க.

கூடங்குளம் பற்றிக் கேட்டால் நாட்டுப் பாதுகாப்புக்கு விலக்கு தரும் 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். 10-ஆம் பிரிவின்படி தரக்கூடிய பகுதியைப் பிரித்துத் தாருங்கள் என்று மனுவிலேயே எழுதிவிடுங்க. ஆலையைச் சுற்றிய 16 கி.மீ. அவசரத் திட்ட வளையத்துக்குள் பொதுமக்களுக்கு நடத்திய பயிற்சி பற்றிக் கேட்பது நியாயமான கேள்வி. ஆலையின் வலைப்பின்னல் அமைப்பைக் கேட்காதீங்க, நீங்களே ஸ்கேன் பண்ணியும் பார்க்காதீங்க. பாதுகாக்கப்பட்ட கணினி அமைப்புக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் ஐடி சட்டம் 70-ஆம் பிரிவில் பத்து வருஷம் வரை சிறை உண்டு.

இடிந்தகரைப் பக்கம் பேட்டி என்றால் அங்கே அணுஉலை எதிர்ப்புப் போராட்ட வழக்குகளில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள். 'இடிந்தகரை, பெண், 52 வயது, மீன் வியாபாரம்' என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். வயதைப் பத்தாண்டு வரம்பாகப் போடுங்க, தொழிலை விடுங்க. ஒப்புதல் படிவம் ஒரே பக்கம் போதும், வாசித்துக் காட்டுங்க.

பாளை_ஸ்காலர்:
ரொம்ப நன்றி. தலைப்பை இடைவெளி பக்கம் திருப்பிவிட்டேன். வெள்ளப் பேட்டியில் 'எத்தனை மணிக்குத் தண்ணி வந்தது' என்றால் ஆளுக்கொரு நேரம் சொல்வார்களே? சுவரையும் இந்நேரம் வெள்ளை அடித்திருப்பார்களே?

எட்டாம்_அணை:
மணி கேட்காதீங்க. 'கரண்ட் போனதுக்கு முன்னயா பின்னயா', 'பாங்கு சொல்லியாச்சா', 'எத்தனாவது படியில நின்னுச்சு' என்று கேளுங்க. கரண்ட் போன நேரத்தை மின்வாரியத் துணைமின்நிலையப் பதிவோடு ஒத்துப்பார்க்கலாம், ஒரு தெருவின் பேட்டி மொத்தமும் அந்த ஒரு ஆணியில் தொங்கும்.

சுவரில் இரண்டு கோடு இருக்கும். மேலே இருப்பது ஈரம் ஊறி ஏறிய கறை, கீழே இருக்கும் சேற்றுக்கோடுதான் தண்ணீர் நின்ற மட்டம். மேல் கோட்டை அளந்தால் அளவு கூடிப்போகும். வெள்ளையடித்த வீட்டில் மீட்டர் பெட்டியின் உட்புறம், சுவரோடு பதித்த அலமாரியின் பின்பலகை, மாடிப்படிக்கு அடியில் தேடுங்க. போன் ஜிபிஎஸ் உயரம் பல மீட்டர் தப்பும், அதை நம்பவேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: 10 மீட்டர் தெளிவான குழாய், உள்ளே காற்றுக்குமிழி இருக்கக்கூடாது, இருந்தால் இரண்டு முனையும் ஒரே மட்டம் காட்டாது. ஒவ்வொரு தெருவிலும் குறைந்தது மூன்று வீடு எடுங்க. ஒன்று மட்டும் ஒத்துவராவிட்டால் தூக்கிப் போடாமல், அந்த வீட்டுத் தரையை வெள்ளத்துக்குப் பிறகு உயர்த்தினார்களா என்று விசாரியுங்க.