ஆண் மீனுக்குள் முட்டை: அடையாற்றில் பிடித்த ஒரு ஜிலேபி

சாக்கடை கலக்கும் ஆறுகளில் மீன் செத்து மிதந்ததைப் பற்றி இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது சாகாத மீனைப் பற்றி.

எம்.எஸ்சி. விலங்கியல் படித்தபோது ப்ராஜெக்டுக்காக அனகாபுத்தூர் பக்கம் அடையாற்றில் வீச்சு வலை போடும் ஓர் அண்ணனிடம் மீன் வாங்குவேன். காலை ஆறு மணிக்குப் போனால், சாக்கடை வந்து விழும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்றிருப்பார். வலையில் பெரும்பாலும் ஜிலேபிதான் வரும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். "தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்களேம்மா, மீனைப் பாரு, எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு" என்பார். கொழுகொழுவென்றுதான் இருக்கும்.

ஜிலேபியில் ஆண், பெண் பார்ப்பது சுலபம். வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் ஆணுக்கு இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. ஆண் என்று குறித்துவைத்த மீன்களின் விந்தகத்தை எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைப்பேன். விந்தணுக்கள் கேழ்வரகு மாவைத் தூவியது போலப் பொடிப்பொடியாகத் தெரியும். ஒரு ஸ்லைடில் அந்தப் பொடிக்கு நடுவே நீலம் பாய்ந்த பெரிய வட்டங்கள் மூன்று, ஒவ்வொன்றின் உள்ளும் வெளிறிய ஒரு உட்கரு. முட்டைச் செல்கள். ஸ்லைடு மாறிப்போயிருக்கும் என்று மூன்று தடவை எண்ணைச் சரிபார்த்தேன், மாறவில்லை.

ப்ராஜெக்டுக்கு வழிகாட்டிய மேடம் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஒரு மீனை வச்சு ஆத்தைக் குத்தம் சொல்லாதே, சில மீன்ல இயல்பாவே எப்பவாவது இப்படி வரும், நல்ல தண்ணி மீனோட ஒப்பிடணும்" என்றார். அவர் சொன்னது சரி, அதனால் அந்த மீனுக்குச் சாக்கடைதான் காரணம் என்று நானும் இங்கே சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று வட்டங்கள்தான் என்னை மேற்கொண்டு படிக்கவைத்தன.

கனடாவின் ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றில், 2001 முதல் 2003 வரை ஒவ்வொரு கோடையிலும் கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது பெண் ஹார்மோனை, கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம், அவ்வளவுதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரே ஒரு கிராமை 12,000 லிட்டர் தண்ணி லாரிகள் சுமார் பதினைந்தாயிரத்தில் பிரித்துக் கலப்பது போல. அந்த ஏரியில் மீன் மிதக்கவில்லை, நாற்றமும் இல்லை. ஆனால் முட்டைக்கு மஞ்சள் கரு சேர்ப்பதற்காகப் பெண் மீனின் ஈரலில் சுரக்கும் விட்டலோஜெனின் என்ற புரதத்தை ஆண் மீன்களின் ஈரலும் சுரக்க ஆரம்பித்தது, விந்தகம் சரியாக வளரவில்லை. குஞ்சு பொரிப்பது குறைந்து, அங்கே ஏராளமாக இருந்த ஒரு சின்ன மீன் இனம் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் கழித்துத்தான் மெல்ல மீண்டது. இங்கிலாந்து ஆறுகளில் யாரும் வேண்டுமென்று எதையும் கலக்கவில்லை, சுத்திகரித்துவிட்ட கழிவுநீர்தான். அங்கேயும் ரோச் என்ற மீனின் ஆண்களுக்குள் முட்டைச் செல்கள் பரவலாக இருப்பதை 1998-ல் வெளியிட்டார்கள்.

இதைச் சொன்னாலே சிலர் "பொண்ணுங்க மாத்திரை போடுறதால வந்த வினை" என்கிறார்கள், எனக்குக் கோபம் வருகிறது. நம் எல்லோருடைய சிறுநீரிலும் இயற்கையாகவே ஈஸ்ட்ரோஜன் போகிறது, ஆண்களுடையதிலும்தான். அப்புறம் சில சலவைப் பொருள்களும் ஆலைக் கழிவும் சிதைந்து வரும் நோனைல்ஃபீனால், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பிஸ்ஃபீனால் ஏ, இவையும் மீனின் உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்கின்றன. வழக்கமான சுத்திகரிப்பு நிலையம் இவற்றில் கொஞ்சத்தைத் தடுக்கும், முழுசாக அல்ல, நம் ஆற்றிலோ சுத்திகரிக்காமலே விழுவதும் உண்டு. மாத்திரையில் தப்பு எங்கே என்றால், காலாவதியானதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதில். ஒரு மாத்திரையில் 0.03 மில்லிகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தால், ஆறாயிரம் லிட்டர் தண்ணீரை அந்தக் கனடா ஏரியின் அளவுக்குக் கொண்டுவர அது ஒன்றே போதும்.

கொளத்தூரிலிருந்து ஒருவர்: அக்கா, நான் வண்ணமீன் வளர்க்கிறேன். எங்கள் தொழிலில் இதற்கு நேர் எதிரான கூத்து நடக்கிறது. கப்பியில் பெண்ணுக்கு நிறம் கம்மி, விலை போகாது என்று மெத்தில் டெஸ்டோஸ்டீரோன் என்ற செயற்கை ஆண் ஹார்மோன் கலந்த தீனி போடுகிறார்கள். நானும் ஒரு சீசன் போட்டேன். வாலில் கலர் ஏறியது, நல்ல விலைக்கும் போனது, ஆனால் வாங்கிப்போனவர் ஒருவர் மூன்று மாதம் கழித்து வந்து "ஒண்ணும் குட்டி போடலைங்க" என்றார். அந்தத் தொட்டித் தண்ணீரைத் தினமும் தெருக் கால்வாயில்தான் திறந்துவிட்டேன். அது எங்கே போகும் என்று அப்போது யோசிக்கவே இல்லை. இப்போது அந்தத் தீனியைத் தொடுவதில்லை.

எம்.எஸ்சி. அக்கா: இதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி தம்பி. ஜிலேபிப் பண்ணைகளிலும் குஞ்சுகள் எல்லாம் ஆணாக மாறுவதற்கு இதே மருந்தைத் தீனியில் கொடுக்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. என் மீன் அப்படிப் பெண்ணாகப் பிறந்து மருந்தால் அரைகுறையாக ஆணாக மாறி, பண்ணையிலிருந்து தப்பி ஆற்றுக்கு வந்ததாக இருந்தால் என் ஸ்லைடையே வேறு மாதிரி படிக்க வேண்டும், இது எனக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்து எழுதுகிறவர்கள் எந்த மீன், எந்த மாதம், சாக்கடை விழும் இடத்துக்கு மேலேயா கீழேயா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.