நாகர்கோவிலுக்குக் குடிவந்து மூன்று வருடம்: நீங்கள் உங்கள் தெருவுக்குள் நுழைந்தது எப்படி?

பார்வதிபுரம் புதுவீடு:

சென்னையில் 19 வருடம் இருந்துவிட்டு, கணவருக்கு வேலை மாற்றலாகி நாகர்கோவில் வந்தோம். பார்வதிபுரம் தாண்டி, முன்பு தென்னந்தோப்பாக இருந்து இப்போது ஏதோ ஒரு 'நகர்' ஆகிவிட்ட இடத்தில் வீடு. சென்னையில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே காலத்தை ஓட்டியாயிற்று, இங்கேயாவது நாலு பேரோடு சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று ஆசை.

வந்த முதல் மாதம் யாரைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள்தான். "ஊரு எங்க?" "எந்தச் சர்ச்சு?" சர்ச் இல்லை என்றால், "எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிய?" முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது, இங்கே தெரு வாழ்க்கையே அந்தக் கதவுகள் வழியாகத்தான் நடக்கிறது. கத்தோலிக்கர் என்றால் அன்பியம், அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்து நடத்தும் ஜெபக் கூட்டம். சிஎஸ்ஐ என்கிற புராட்டஸ்டன்ட் திருச்சபை என்றால் சபை. முஸ்லிம்களுக்கு ஜமாத். மற்றவர்களுக்குக் கோயில் கொடைத் திருவிழா, சமுதாயம், குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி. கல்யாண வீட்டுக்கு நாற்காலி போடுவதும் சாவு வீட்டுக்குப் பாலில்லாத கட்டன் சாயை கொடுப்பதும் அந்த ஆட்கள்தான். இதில் எதிலும் இல்லாத ஒருத்தி எந்தக் கதவைத் தட்டுவது?

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். நுழைவாயில் வளைவுக்கு என்ன நிறம் அடிப்பது என்று ஒரு மணி நேரம் விவாதம். எனக்கு டீ கொடுத்தார்கள், பேசச் சொல்லவில்லை. ஒரு சேவை அமைப்பிலும் சேர்ந்து பார்த்தேன். பேனர், போட்டோ, 50 மரக்கன்று. அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் குழி மட்டும் இருந்தது.

கடைசியில் கதவைத் திறந்தது ஓணம். திருவோணத்துக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு எதிர்வீட்டு அக்கா கேட்டைத் தட்டி, "மக்களே, சும்மாதான இருக்கிய, பூ ஆய வாங்க" என்றார். தோவாளைச் சந்தையில் வாங்கிய கிரேந்தியும் வாடாமல்லியும் அரளியும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஏழு பெண்கள் தரையில் உட்கார்ந்து பதினொரு மணி வரை ஓணப் பூக்கோலத்துக்காக இதழ் இதழாகப் பிய்த்தோம். யார் வீட்டுப் பிள்ளை துபாயில், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த நாள் குழாயில் தண்ணீர் வராது, எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. மூன்றாவது வீட்டு மாமியார் படுத்த படுக்கையாகி இரண்டு வருடம் ஆகிறது, மருமகளால் பேங்குக்குக்கூடப் போக முடியவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. இப்போது புதன்கிழமை தோறும் காலை ஒன்றரை மணி நேரம் நான் அந்தப் பாட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர் பாதி நேரம் என்னை வேறு யாரோ என்று நினைத்துத் திட்டுவார். இதைத் தொண்டு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நான் தேடியது இதுதான்.

உங்களுக்கு எப்படி நடந்தது? யார் கூப்பிட்டார்கள்?

கோட்டாறு கிணற்றடி:

எங்கள் தெருவில் யாரையும் யாரும் கூப்பிடவில்லை. புயல் கூப்பிட்டது.

2017 நவம்பர் 30, ஒக்கி. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரம், டிசம்பர் 3 தேருக்கு ஊரே தயாராக இருந்தது. காலையில் அடித்த காற்றில் எங்கள் முக்கில் நின்ற வேப்பமரம் கரண்டுக் கம்பத்தையும் சேர்த்துச் சாய்த்துவிட்டது. மாவட்டம் முழுக்கக் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்திருந்தன, எங்களுக்கு மின்சாரம் திரும்ப வர ஆறு நாள் ஆயிற்று. இருட்டு பெரிய கஷ்டமில்லை. தண்ணீர்தான். தெருவில் எல்லா வீட்டிலும் போர்வெல், மோட்டார். கரண்டு இல்லை என்றால் அத்தனையும் வெறும் குழாய். இரண்டாம் நாள் மத்தியானத்தோடு மேல்தொட்டிகள் காலி.

கிணறும் கப்பியும் இருந்தது ஒரே ஒரு பழைய ஓட்டு வீட்டில். அந்த வீட்டுப் பெரியவரோடு தெருவில் பாதிப் பேருக்குப் பேச்சே கிடையாது. அதில் நானும் ஒருவன். ஓடைக்கு ஸ்லாப் போட்ட விஷயத்தில் ஒரு வருடமாகச் சண்டை. குடத்தோடு அவர் கேட் முன்னால் போய் நின்றபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "செருப்பக் கழத்திட்டு எடுங்க" என்றார், அவ்வளவுதான். கிணற்றடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கு நாலு குடம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கயிறு அறுந்தது. யாரோ வள்ளத்துக் கயிறு கொண்டுவந்து கட்டினார்கள். தண்ணீர் இறைக்கத் தெரிந்தவர்கள் வயதானவர்கள்தான். என்னைப் போன்றவர்கள் வாளியைக் கவிழ்த்தே இறக்கி, காற்றை மொண்டுகொண்டு வந்தோம்.

கடற்கரை ஊர்களில் ஆள் திரும்பாத வீடுகள் எத்தனை என்று செய்தி வர வர, எங்கள் குடக் கணக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று எடுத்து அங்கே அனுப்பியதும் அந்தக் கிணற்றடியிலிருந்துதான்.

வருடத்துக்கு ஒருமுறை கோடையில் அந்தக் கிணற்றை இறைத்துத் தூர் வாருவதற்கு இன்றைக்கும் தெருவே போகிறது. ஓடை ஸ்லாப் சண்டை முடியவில்லை. அது தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓ நெகட்டிவ் தம்பி:

புதுவீட்டு அக்கா, நான் காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது ரத்தம் கொடுக்கும் குழுவில் சேர்ந்தேன். எட்டு மாதம் வேலை கிடைக்காததால் முழுநேர ஊழியன் மாதிரி ஆகிவிட்டேன். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசல்தான் எங்களுக்கு ஆபீஸ்.

வெளியிலிருந்து பார்த்தால் போன் போட்டு ஆள் பிடிப்பதுதான் வேலை என்று தோன்றும். நிஜமான வேலை நோட்டு எழுதுவது. ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். யார் எந்தத் தேதியில் கொடுத்தார் என்று எழுதி வைக்காவிட்டால், நல்ல மனசுக்காரர் ஒருவரை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், அங்கே அவரைத் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த முறை அவர் போனை எடுக்க மாட்டார்.

முதல் தடவை கொடுக்க வருகிறவர்கள் பயத்தில் சாப்பிடாமல் வருவார்கள். ஒருவர் கொடுத்து முடித்து எழுந்த வேகத்தில் என் மேலேயே மயங்கி விழுந்தார். அதிலிருந்து யார் வந்தாலும் முதலில் எதிர்க்கடையில் நாலு இட்லி. காசு என் அம்மாவுடையது.

வாட்ஸ்அப்பில் 'அவசரம்' என்று அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேதியும் நேரமும் போடுங்கள், வேலை முடிந்ததும் முடிந்தது என்று சொல்லுங்கள். 2019இல் ஒரு பச்சைக் குழந்தைக்காக வந்த மெசேஜ் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருக்கும்.

ஒருமுறை கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர், மனைவிக்கு ஆபரேஷன் என்று வந்திருந்தார். ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டது, கூட வர ஆளில்லை. ரத்தம் நான் கொடுத்தேன், அது பத்து நிமிட வேலை. மீதி ராத்திரி முழுக்க அவரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்ததுதான் கஷ்டம். ரப்பர் விலை பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒரு மாதம் கழித்து ஒரு குலை மட்டிப்பழத்தோடு வந்து, என் பெயர் தெரியாததால் வாசலில் இருந்த ஆட்டோக்காரர்களிடம் "ஓ நெகட்டிவ் தம்பி எங்க?" என்று கேட்டிருக்கிறார். அவர் வைத்த பெயர்தான் மேலே இருப்பது.

புத்தேரி வாத்தியார்:

ஓய்வு பெற்ற ஆசிரியன். பிரசங்கம் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், தொழில் பழக்கம்.

நாங்கள் குளம் சுத்தம் செய்யப் புறப்பட்ட கதை முழுக்க முழுக்கத் தோல்வியில் தொடங்கியது. காந்தி ஜெயந்தி அன்று 60 பேர், கையுறை, தொப்பி, ஒலிபெருக்கி. குளத்தில் கழுத்தளவு தண்ணீர். ஆகாயத்தாமரையை இழுத்து இழுத்துக் கரையில் குவித்தோம். அந்தச் செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஒரு கூடை தூக்குவதற்குள் இடுப்பு போய்விடும். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுக் கலைந்தோம். ஐப்பசி மழையில் குவியல் அத்தனையும் சரிந்து மறுபடி குளத்துக்குள். மிதமான வெயிலும் சாக்கடைச் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. கார்த்திகையில் பார்த்தால் நாங்கள் வந்துபோன சுவடே இல்லை. போதாக்குறைக்குக் கொஞ்சம் செடி மடையை அடைத்துக்கொண்டது. கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் நடவுக்குத் தண்ணீர் எதிர்பார்த்திருந்த விவசாயி ஒருவர் நேரே வீட்டுக்கு வந்தார். "சாரு பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாப் போதும், கொளத்த எங்களுக்கு விட்டுருங்க" என்றார்.

தலை குனிந்து அவரிடமே போய்க் கேட்டேன், எப்போதுதான் செய்வது என்று. கணக்கு எளிது. கும்பப்பூ அறுவடை மாசியோடு முடியும். அதற்கு மேல் குளம் வற்றத் தொடங்கும். ஜூனில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் திறந்து சானலில் தண்ணீர் வந்துவிட்டால் கன்னிப்பூ என்கிற முதல் போகம் தொடங்கிவிடும். அந்த இடைவெளியில், செடி தரைதட்டிக் கிடக்கும்போது வெட்டி அள்ள வேண்டும். அள்ளியதைக் கரையில் போடக்கூடாது, வண்டியில் ஏற்றித் தென்னை மூட்டில் போட வேண்டும். இதெல்லாம் நாஞ்சில் நாட்டில் வயல் வேலை செய்த எவருக்கும் தெரியும். ஒலிபெருக்கியோடு போன எங்களுக்குத்தான் தெரியவில்லை.

இப்போது நாங்கள் 11 பேர். அந்த விவசாயிதான் மேஸ்திரி. குளம் நீர்வளத் துறையுடையதா, உள்ளாட்சியுடையதா என்று விசாரித்து முதலில் அனுமதிக் கடிதம் வாங்குவது என் வேலை, மம்பட்டி பிடிக்க முதுகு ஒத்துழைப்பதில்லை. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளை 2022இல் ராம்சார் என்கிற உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்ததிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆர்வம் வந்திருக்கிறது. அவர்களை ஜனவரியில் பறவை எண்ண அழைத்துப் போகிறேன். பூநாரையைப் பார்த்து ஒரு பையன் "சார், இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டான். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

வடசேரி மனுக்காரன்:

எல்லாரும் நல்ல கதையாகச் சொல்கிறீர்கள். என் கதை தெருவிளக்கு.

நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆயிற்று, 52 வார்டு. 2022இல் இருந்து வார்டுகளைப் பகுதியாகப் பிரித்து சபைக் கூட்டம் போடுகிறார்கள், பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். முதல் கூட்டத்துக்குப் போனபோது என்னையும் சேர்த்து ஒன்பது பேர். 'எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை' என்று ஒரு மனு கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஊரைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் விளக்கு மாட்டுகிற பையன் ஒருவன் சொன்னான், "அண்ணே, எந்தத் தெரு, எந்தப் போஸ்ட்டு? நம்பர் போடலியே." சரி, தப்பு என்னுடையதுதான். கம்ப எண், எதிரே இருக்கும் வீட்டு எண், எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, எல்லாம் எழுதிக் கொடுத்தேன். விளக்கு வந்தது.

அதுதான் வினையாகிவிட்டது. இப்போது முதியோர் உதவித்தொகை, பட்டா, குடிநீர் இணைப்பு என்று யாருக்கு எது வேண்டுமானாலும் "அந்த லைட்டுக்காரரிடம் எழுதி வாங்கு" என்று அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயாக்கடை பெஞ்சில் எனக்கென்று ஓர் இடம். நான் யாருக்கும் தொண்டு செய்யக் கிளம்பவில்லை, மாட்டிக்கொண்டேன். கையெழுத்து நன்றாக இருப்பவர்கள் ஜாக்கிரதை.

பார்வதிபுரம் புதுவீடு:

எல்லாருக்கும் நன்றி. மனுக்கார அண்ணன், எங்கள் 'நகரி'லும் இரண்டு விளக்கு எரியவில்லை. கம்ப எண் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், எந்தச் சாயாக்கடை என்று மட்டும் சொல்லுங்கள்.

கோட்டாறு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்தில் கிணறு இருக்கிறதா என்று விசாரித்தேன். தோப்பாக இருந்த காலத்தில் மூன்று இருந்ததாம். மூடி, மேலே வீடு கட்டிவிட்டார்கள். ஒன்றின் மேல் எங்கள் கார் நிற்கிறது என்று எதிர்வீட்டு அக்கா சொல்கிறார்.

வாத்தியார் சார், இந்த ஏப்ரலில் குளத்துக்கு நானும் வரலாமா? வெட்டுகத்தி, மம்பட்டி எதுவும் என்னிடம் இல்லை. வாங்கிக்கொண்டு வர வேண்டுமா?

புத்தேரி வாத்தியார்:

தாராளமாக வாருங்கள் அம்மா. காலை ஆறு மணி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். கத்தியெல்லாம் வேண்டாம், பழக்கமில்லாத கை. பிளாஸ்கில் கட்டன் சாயை கொண்டுவாருங்கள். 12 பேருக்கு. மேஸ்திரிக்குச் சீனி போடாமல் தனியாக.