முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது – உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பீடோர் அக்கா:

அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், இப்போது மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோரில் இருக்கிறேன். நம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிள்ளைகள் எல்லாம் கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள், வயதானவர்கள் மட்டும் லயத்து வீட்டில் தங்கிவிட்டார்கள். திடீரென்று ஒரு நாள் அம்மாவுக்கு வாதம் அடித்துவிடும், ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்பார்கள், ஓரிரு நாளுக்குள் ஓர் இல்லம் பார்க்க வேண்டும். அந்த அவசரத்தில் வாசலையும் டைல்ஸையும் பார்த்து, மாதம் எவ்வளவு என்று கேட்டு, முன்பணம் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். இப்படி இடம் பார்க்கப் போகிறவர்கள் துணைக்கு என்னையும் கூப்பிடுவதால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் பதிவைக் கேளுங்கள். நான்கு பேரோ அதற்கு மேலோ தங்கவைத்துப் பராமரிக்கிற இடம் என்றால் 1993ஆம் ஆண்டின் 506ஆவது சட்டப்படி கெபாஜிக்கானில், அதாவது சமூக நலத்துறையில், பதிந்திருக்க வேண்டும். அதற்குப் பொம்பா (தீயணைப்புத் துறை), ஊராட்சி மன்றம், சுகாதார இலாகா எல்லாருடைய ஒப்புதலும் வேண்டும். தாதிமைப் பராமரிப்பும் தருகிற நர்சிங் ஹோம் என்றால் அது வேறு, 1998ஆம் ஆண்டின் 586ஆவது சட்டப்படி சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். மூக்கில் டியூப் போட்ட ஆளையோ படுக்கைப் புண் உள்ள ஆளையோ சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இங்கே பதிவு பெற்ற தாதி இருக்கிறாரா, எந்த நேரத்தில் இருப்பார் என்று நேராகவே கேட்டுவிடுங்கள். சான்றிதழைக் காட்டத் தயங்கினால் அதற்கு மேல் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

ஆனால் சான்றிதழ் ஒழுங்காக இருக்கிற இடத்திலும் பராமரிப்பு மோசமாக இருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். காலை பத்து மணிக்குப் போனபோது எல்லாரையும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நாற்காலியில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். அதே இடத்துக்குச் சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போனோம். வாதம் வந்த ஒரு பாட்டிக்கு, மல்லாக்கப் படுத்திருக்கும்போதே, ஒரு பெண் நின்றுகொண்டு கஞ்சி ஊட்டுகிறாள், கண் அடுத்த கட்டிலில் இருக்கிறது. முதல் வாய் இறங்குவதற்குள் அடுத்த கரண்டி. பாட்டி இருமுகிறார், கடைவாயில் கஞ்சி வழிகிறது, அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டுகிறாள். வாதம் வந்தவர்களுக்கு விழுங்குகிற சக்தி குறைந்திருக்கும், படுத்தபடி ஊட்டினால் சாப்பாடு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும், ஊட்டிய பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட எப்படி ஊட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

அப்புறம் உடம்பைப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், உங்கள் அம்மாதானே. குதிகால், இடுப்பு எலும்பு, முதுகுக்குக் கீழே வால் எலும்பு, இந்த இடங்களில்தான் படுக்கைப் புண் ஆரம்பிக்கும். புத்தகங்களில் சிவப்பாக இருக்கும் என்று போட்டிருப்பார்கள். நம்மவர்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருநீலமாக, தொட்டால் சூடாக, சில சமயம் கெட்டியாக, சில சமயம் கொழகொழவென்று இருக்கும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது தாதிமை வேலையில் அரிச்சுவடி. மாதா மாதம் எடை பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒரே மாதத்தில் உடம்பு எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். 50 கிலோ பாட்டிக்கு அது இரண்டரைக் கிலோதான், புடவையோ கைலியோ கட்டியிருந்தால் கண்ணுக்கே தெரியாது.

இன்னொன்று, தோட்டத்து ஆட்களுக்கே உரியது. நாற்பது வருடம் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடிகாலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்கு, எழுந்த உடம்பு விடிகாலை நாலு மணிக்குத் தானாக எழுந்துவிடும், ஞாபக மறதி வந்தவர்களுக்கும் அந்தப் பழக்கம் போகாது. கட்டிலைவிட்டு இறங்கி, இருட்டில் தட்டுத் தடுமாறிப் பாத்ரூமைத் தேடிப் போவார்கள். இல்லத்தில் எல்லாரும் அசந்து தூங்குகிற நேரமும் அதுதான். நான் விசாரித்த இடுப்பு எலும்பு முறிவுகளில் பல அந்த நேரத்தில் பாத்ரூம் வாசலில் நடந்தவை. சேர்க்கிற அன்றே சொல்லிவிடுங்கள்: இவர் ரப்பர் பால் மரம் வெட்டியவர், நாலு மணிக்கு எழுந்துவிடுவார், அந்த நேரத்தில் விளக்கு எரியட்டும், யாராவது கூட்டிப் போய்வரட்டும், ஒரு கோப்பை கோப்பி கொடுங்கள். நல்ல இல்லம் என்றால் இதை எழுதி வைத்துக்கொள்ளும். பாத்ரூமில் கைப்பிடி இருக்கிறதா, தரை ஈரமாகக் கிடக்கிறதா என்பதையும் நீங்களே உள்ளே போய் நின்று பாருங்கள்.

பாஷையும் ஒரு பாதுகாப்பு விஷயம்தான். பணிப்பெண்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர்கள், தோட்டத்தைவிட்டு வெளியே போகாத பாட்டிக்குத் தமிழைத் தவிர ஒன்றும் வராது. தண்ணீர், வலி, பாத்ரூம், குளிர், இந்த நான்குக்கும் தமிழில் எப்படிச் சொல்வார் என்று ஒரு அட்டையில் மலாய் எழுதுகிற ரோமன் எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டு வாருங்கள். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்றும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

லோரிக்காரன்:

அக்கா சொன்னதோடு ராத்திரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லோரி ஓட்டுகிறவன், எனக்குப் பகலில் நேரம் கிடைக்காது. அப்பா இருந்த இல்லத்துக்கு ஒரு தடவை ராத்திரி பத்தரைக்குப் போனேன், மாடி வீடு, முன்னாலும் பின்னாலும் இரும்பு கிரில், இரண்டிலும் பூட்டு. மணி அடித்துக் கூப்பிட்டுக் கத்திய பிறகுதான் ஒரு பெண் தூக்கத்தோடு வந்தார், சாவி எந்தக் கொத்தில் இருக்கிறது என்று தேடவே நேரமானது. உள்ளே நடக்க முடியாதவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு வயர் தீப்பிடித்தால் அவர்கள் கதி என்ன? அப்பா கிடந்ததோ மாடியில். மறுநாளே உரிமையாளரிடம் பேசிக் கீழே மாற்றச் சொன்னேன், பின் கிரில் சாவியைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டச் சொன்னேன். சாவியை மாட்டினார்கள், அப்பாவை மாற்ற ஒரு வாரம் இழுத்தடித்தார்கள். தீயணைப்புச் சிலிண்டரில் ஒரு சின்ன முள் இருக்கும், அது பச்சையில் நிற்க வேண்டும். அதையும் நான்தான் காட்டிக்கொடுத்தேன்.

அன்று ராத்திரி அப்பாவின் வலது கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்ததையும் பார்த்தேன். டியூபைப் பிடுங்குகிறார் என்றார்கள். மணிக்கட்டில் அச்சு பதிந்திருந்தது. அதைச் சொல்ல இப்போதும் தொண்டை அடைக்கிறது.

தாப்பா ரோடு தங்கச்சி:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன், கோபப்படாதீர்கள் அண்ணே. முன்பு ஓர் இல்லத்தில் வேலை செய்தேன். ராத்திரி ஷிப்டில் நான் ஒருத்திதான், இருபது பேருக்கு மேல். பம்பர்ஸ் மாற்றி, துணி துவைத்து, விடிவதற்குள் ஆறு பேரைக் குளிப்பாட்டியாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் திருப்பிப் போடு என்றால் ஒரு ஆளால் எப்படி முடியும்? கையைக் கட்டுகிறவள் கெட்டவள் என்று நினைத்துவிடுவீர்கள். ஆனால் கட்டு என்று சொல்லிக்கொடுத்தது யார் என்றும் கேளுங்கள். அதனால் எத்தனை பணியாளர்கள் என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எல்லாரையும் சேர்த்து ஒரு எண்ணிக்கை சொல்லிவிடுவார்கள். நேற்று ராத்திரி யார் யார் இருந்தார்கள், பெயர் என்ன என்று கேளுங்கள்.

கட்டில் காலில் ஒரு அட்டை தொங்கும், எத்தனை மணிக்குத் திருப்பினோம் என்று குறிக்க. அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க உள்ள கட்டங்கள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், ஒரே சாய்வில் இருந்தால் அது காலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது. எனக்குத் தெரியும். மருந்துப் பெட்டியில் ஒவ்வொருவர் பெயரும் ஒட்டியிருக்கிறதா, இன்சுலின் குளிர்பெட்டியில் மீனோடும் காய்கறியோடும் கிடக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்வேன். மத்தியானத்தில் எல்லாரும் ஒன்றுபோல மயங்கிக் கிடந்தால் என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள், எந்த டாக்டர் எழுதிக்கொடுத்தார் என்று கட்டாயம் கேளுங்கள்.

லோரிக்காரன்:

தங்கச்சி, உங்கள்மேல் கோபம் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா, ஒரு சந்தேகம். புகார் கொடுத்தால் அப்பாவை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்திலேயே நிறைய பேர் சும்மா இருக்கிறோம். என்ன செய்வது?

பீடோர் அக்கா:

தங்கச்சி, ராத்திரி யார் இருந்தார் என்று பெயரோடு கேட்பது எனக்கே தோன்றாத கேள்வி, இனிமேல் நானும் அப்படித்தான் கேட்பேன்.

தம்பி, அந்தப் பயம் நியாயமானது, அதனால் புகாருக்கு முன்பே இன்னொரு இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாரிசும் வருமானமும் இல்லாத, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவர்களுக்கு அரசாங்கத்தின் முதியோர் இல்லமான ரூமா செரி கெனாங்கான் இருக்கிறது, பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானில். அப்படி யாரும் இல்லாமல் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ரூமா எஹ்சான், கோலகுபு பாருவிலும் டுங்குனிலும். பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு இவை கிடைப்பது கஷ்டம், தனியார் இடம்தான் தேட வேண்டும்.

புண்ணோ கட்டிய தழும்போ கண்டால் முதலில் படம் எடுங்கள், தேதி தெரியும்படி. அன்றைக்கே கிளினிக்குக் கூட்டிப் போய் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் எழுதிவைப்பதை யாரும் மறுக்க முடியாது. டியூபைப் பிடுங்கினால் என்ன செய்யலாம், டியூப் இன்னும் வேண்டுமா என்றும் அவரிடமே கேளுங்கள். பிறகு உரிமையாளரிடம் எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. மாறவில்லை என்றால் மாவட்டக் கெபாஜிக்கான் அலுவலகத்துக்குப் போங்கள், இல்லத்துக்குள் போய்ச் சோதனை செய்ய அவர்களுக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் 15999 தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண்ணைக் கூப்பிடலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். இல்லத்தின் முழு முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.