ஸ்பியன் கோப் ஆட்டம்: ஆறு பேரை எப்படிப் பிரிப்பது?

மிட்ராண்ட்_மணி:

வணக்கம். ஜோபர்க்கில் நடக்கப்போகும் கேமிங் கன்வென்ஷனில் எங்கள் கிளப் ஒரு பெரிய டேபிள் பிடித்திருக்கிறது. ஆட்டம் ஸ்பியன் கோப்: 1900 ஜனவரி 24, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரும் போயர்களும் (டச்சு வழிக் குடியேறிகள்) ஒரு மலைக்காக மோதிய போர். 28 மில்லிமீட்டர் பொம்மைகள், பக்கத்துக்கு ஆறு பேர், ஐந்து மணி நேரம். நாங்கள் பிரிட்டிஷ் பக்கம்.

எங்களில் நாலு பேர் வார்ஹாமர் 40,000 என்ற கற்பனைப் போர் பொம்மை ஆட்டம் ஆடிப் பழகியவர்கள். அங்கே அணிப் போட்டி என்றால் கேப்டன்கள் உட்கார்ந்து யாருக்கு எதிராக யார் என்று ஜோடி சேர்ப்பார்கள், அப்புறம் அவரவர் டேபிளில் அவரவர் ஆட்டம், கடைசியில் புள்ளிகளைக் கூட்டுவார்கள். இங்கே எல்லாரும் ஒரே டேபிள். அதிலும் தலைமைத் தளபதி மட்டும் தள்ளி உட்கார வேண்டுமாம், சீட்டு எழுதித்தான் பேச வேண்டுமாம். எங்களில் நன்றாக ஆடுகிறவரை மலை மேல் வைப்பதா, கீழே தளபதியாக வைப்பதா?

இன்னொன்று. அந்தப் போரில் அடிபட்டவர்களைத் தூக்கிச் சென்ற காந்தியின் இந்திய ஆம்புலன்ஸ் படையையும் டேபிளில் காட்ட ஆசை. கடைகளில் அப்படிப் பொம்மை கிடைக்கவில்லை. யாராவது செய்திருக்கிறீர்களா?

டர்பன்_டைஸ்:

கெட்டிக்காரரை மலை மேல் வையுங்கள். கீழே இருப்பவருக்கு டைஸ் உருட்டும் வாய்ப்பே வராது, ஒரு நல்ல ஆட்டக்காரரை வீணாக்குவானேன்? முதல் டர்னிலேயே அலோ நோல் குன்றுக்கு ஒரு கம்பெனியை ஓடவிடுங்கள். போயர்கள் அங்கிருந்துதான் பிரிட்டிஷ் பதுங்குகுழியைப் பக்கவாட்டில் சுட்டார்கள். அதை முதலில் பிடித்தால் பாதி ஜெயித்த மாதிரி.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:

டர்பன் தம்பி சொல்வது வரைபடத்தைப் பார்த்தவருக்குச் சரி. அன்று காலை மலை மேல் மூடுபனி. பிரிட்டிஷார் உச்சியின் ஓரத்தைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்துக் குழி தோண்டினார்கள். பனி விலகியபோதுதான் அது உச்சியின் ஓரம் அல்ல, நடு என்று தெரிந்தது. கொஞ்சம் விவரமான அம்பயர் என்றால் பனி விலகும்வரை அலோ நோலை டேபிளிலேயே வைக்க மாட்டார். முதல் டர்னில் அங்கே ஓடும் கம்பெனி போயர் துப்பாக்கி வாயில்தான் போய் நிற்கும். போயரின் மவுசர் தோட்டாவில் புகை வராது, யார் எங்கிருந்து சுடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

நான் அந்த மலைக்குப் போயிருக்கிறேன், லேடிஸ்மித்துக்கு மேற்கே. நடக்கும் இடமெல்லாம் பாறை. குழியை முழங்கால் ஆழத்துக்குமேல் தோண்ட முடியவில்லை என்பதை அங்கே நின்றால்தான் நம்புவீர்கள். இறந்தவர்களை அதே குழியில்தான் புதைத்தார்கள். இன்றும் வெள்ளைக் கற்கள் அந்தக் கோட்டிலேயே கிடக்கின்றன.

மணி தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சீட்டு முறை புதிதல்ல. 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் ராணுவத்துக்குக் கொடுத்த போர் விளையாட்டிலேயே கட்டளைகள் அம்பயர் கை வழியாகத்தான் போகும். ஸ்பியன் கோப்புக்கு அது இல்லாமல் முடியாது, ஏனென்றால் அந்தப் போரில் கெட்டதே செய்திதான். மலை மேல் ஜெனரல் உட்கேட் காலையிலேயே படுகாயம். அடுத்த மூத்தவர் கிராஃப்டன். கீழே இருந்த ஜெனரல் வாரன், தனக்கு மேலிருந்த தளபதி புல்லர் சொன்னதைக் கேட்டுத் தார்னிகிராஃப்டைத் தலைமைக்கு நியமித்தார், ஆனால் அது கிராஃப்டனுக்குத் தெரியாது. உதவிப் படையோடு ஏறிய ஜெனரல் கோக், தானே தலைமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரவில் தார்னிகிராஃப்ட் படையோடு மலையை விட்டு இறங்கிவிட்டார். போயர்களிலும் பெரும்பாலோர் அதற்குள் கலைந்திருந்தார்கள். போயர் தளபதி லூயிஸ் போத்தா விடாமல் ஆளைத் திரட்டியதால் விடியற்காலையில் காலி மலை அவர்கள் கைக்கு வந்தது.

அதனால் என் கருத்து: தளபதி நாற்காலிக்கு நன்றாக ஆடுகிறவர் வேண்டாம், பொறுமையும் தெளிவான கையெழுத்தும் உள்ளவர் போதும். நான் அம்பயராக இருந்த ஆட்டங்களில் கீழே உட்கார்ந்த கெட்டிக்காரர்கள் ஒவ்வொரு டர்னுக்கும் நாலு சீட்டு அனுப்புவார்கள். மலை மேல் இருப்பவர் இரண்டாவதைப் படிக்கும்போது முதலாவது காலாவதி ஆகியிருக்கும். ஆட்டம் தொடங்குவதற்குமுன் ஆறு பேரும் உட்கார்ந்து, உட்கேட் விழுந்தால் யார், அவரும் விழுந்தால் யார் என்று எழுதி ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாரன் செய்யாதது அதுதான். நன்றாக ஆடுகிறவரிடம் கிங்ஸ் ராயல் ரைஃபிள்ஸ் என்ற படைப்பிரிவைக் கொடுங்கள். பக்கத்தில் இருந்த இரட்டைச் சிகரத்தை ஏறிப் பிடித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கர்னல், திரும்பி வா என்ற கட்டளையைக் கண்டுகொள்ளாமல் ஏறினார், சிகரத்தில் செத்தார். அதற்கப்புறம் படை இறங்கிவிட்டது. உங்கள் ஆளுக்கும் அந்தச் சீட்டு வரும். என்ன செய்கிறார் பார்க்கலாம்.

மிட்ராண்ட்_மணி:

அக்கா, கோடி நன்றி. எங்கள் கேப்டனுக்குக் கோழி கிண்டின கையெழுத்து, அவரை மலைக்கு அனுப்பிவிடுகிறோம். ஆம்புலன்ஸ் படைக்கு எத்தனை பொம்மை வைக்கலாம்?

மாரிட்ஸ்பர்க்_அக்கா:

எண்ணிக்கையைவிட வேலை முக்கியம். நான் பார்த்த டேபிள்களில் கண்ணாடி போட்ட ஒரு காந்தியை ஓரமாக ஒட்டிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. படையில் சுமார் 1,100 பேர். அதில் சுதந்திர இந்தியர்கள் 300 பேர்தான், மீதிப் பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளில் நம் சென்னையில் கப்பல் ஏறி வந்தவர்கள்தானே அதிகம். டேபிளில் அவர்கள் நடக்க வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். ஒப்பந்தப்படி அவர்கள் துப்பாக்கிச் சூடு எட்டும் இடத்துக்குள் போக வேண்டியதில்லை. ஸ்பியன் கோப்பில்தான் புல்லர், உங்களுக்குக் கட்டாயம் இல்லை, வந்தால் நன்றியோடு இருப்போம் என்று கேட்டார். ஆகவே தளபதி ஒரு சீட்டைச் செலவழித்துக் கேட்டால்தான் ஸ்ட்ரெச்சர்கள் உள்ளே வரும். வருவார்களா என்று டைஸ் உருட்ட வேண்டாம், அவர்கள் வந்தார்கள். அடிபட்ட ஒவ்வொரு பொம்மையையும் அடிவாரம் சேர்த்தால் பிரிட்டிஷ் பக்கத்துக்குப் புள்ளி. அவர்களைக் குறிவைத்துச் சுடக்கூடாது. மூன்று ஸ்ட்ரெச்சர் போதும்.

பெயின்ட்_ஃபீனிக்ஸ்:

நான் செய்திருக்கிறேன். ஸூலூப் போர் பிளாஸ்டிக் பெட்டி வாங்கிக் காக்கி அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1879 சட்டை வேறு, மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி வேறு, தெரிந்தவன் பார்த்தால் சிரிப்பான். கையில் துப்பாக்கி இல்லாத தொழிலாளி பொம்மைகள் எந்தக் காலத்தவையாக இருந்தாலும் உதவும், கையை மட்டும் வெட்டி ஒட்டினால் போதும். ஸ்ட்ரெச்சருக்கு இரண்டு பல்குச்சி, நடுவே வெள்ளைப் பசையில் நனைத்த டிஷ்யூ. காய்ந்தபின் பழுப்பு மை ஒரு கோட். தலைவர்களின் புகைப்படத்தில் அகன்ற தொப்பியும் கையில் சிவப்புச் சிலுவைப் பட்டையும் இருக்கும். சிலுவையைக் கடைசியில் போடுங்கள், முதலில் போட்டால் மை அதன்மேல் வழியும்.

மிட்ராண்ட்_மணி:

அருமை. டர்பன்_டைஸ், கோபித்துக்கொள்ளாதீர்கள், அலோ நோல் திட்டத்தைக் கைவிடுகிறோம்.

டர்பன்_டைஸ்:

கோபம் எதற்கு? அந்த டேபிளில் போத்தாவாக உட்காரப் போவது நான்தான். உங்கள் கம்பெனிக்காக அலோ நோலில் ஒரு பாம்-பாம் பீரங்கியை ஒதுக்கி வைத்திருந்தேன். அக்கா கெடுத்துவிட்டார்.