ரெசிடென்ட் ஈவில்: நான்காம் பாகத்தைக் கொண்டாடியவர்கள் ஆறாம் பாகத்தை ஏன் திட்டினார்கள்?

பனங்காடு (கேள்வி):

இந்த விடுமுறையில் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் வீடியோ கேம் வரிசையை முதலிலிருந்து விளையாடி வருகிறேன். முதல் பாகத்தின் 2002 மறு ஆக்கம், பிறகு பழைய இரண்டும் மூன்றும், பிறகு நான்கு, ஐந்து. இப்போது ஆறாம் பாகத்தின் பாதியில் நிற்கிறேன். ஏழாம் பாகத்தின் டெமோவை மட்டும் நடுவில் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

எனக்கு விளங்காத விஷயம் இதுதான். நான்காம் பாகம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்றியது. அறையின் மூலையில் அசையாமல் நிற்கும் கேமரா போனது. ஜாம்பிகளே இல்லை. இத்தனை பாகங்களாக எதிரியாக இருந்த அம்பிரல்லா நிறுவனம் திவாலாகிவிட்டதாகத் தொடக்கத்திலேயே இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள். ஆனாலும் அது தலைசிறந்த விளையாட்டுகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஆறாம் பாகமோ தோளுக்குப் பின்னால் நிற்கும் அதே கேமராவை வைத்துக்கொண்டு, ஜாம்பிகளையும் திரும்ப அழைத்துவந்தது. அதற்குக் கிடைத்தது வசைதான். ஏழாம் பாகம் மறுபடியும் அனைத்தையும் கலைத்துவிட்டுக் கதாபாத்திரத்தின் கண் வழியாகவே பார்க்க வைத்தது. பாராட்டுப் பெற்றது.

மாற்றினால் ரசிகர்கள் கோபிப்பார்கள், மாற்றாவிட்டால் சலித்துக்கொள்வார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த வரிசைக்கு அந்த விளக்கம் ஒட்டவே இல்லை. ஒவ்வொன்றும் வெளிவந்தபோதே விளையாடியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நிலவறை:

எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். நீளமாகத்தான் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் பாகத்தை எல்லோரும் கொண்டாடவில்லை. நான் கொண்டாடவில்லை. 2005இல் அது வந்தபோது விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள், உண்மை. ஆனால் பழைய மூன்று பாகங்களோடு வளர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் அன்றே மனம் விட்டுப்போய் விலகினோம். வெளியே போனவர்களைவிட உள்ளே வந்த புதியவர்கள் பல மடங்கு என்பதால் எங்கள் குரல் கேட்கவில்லை. இன்று திரும்பிப் பார்க்கிறவர்களுக்கு அது ஒருமனதான வரவேற்பாகத் தெரிகிறது. ஒரு பாகம் எப்படி வரவேற்கப்பட்டது என்று கேட்கும்போது, பேசுவதற்கு யார் மிச்சம் இருந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

நாங்கள் எதை இழந்தோம் என்பதைச் சொல்கிறேன். இரண்டாம் பாகத்தில் காவல் நிலையத்துக்குள் லிக்கர் என்ற ஊரும் அரக்கப் பிராணி முதன்முதலில் வரும் இடம் நினைவிருக்கிறதா? தாழ்வாரத்தில் நடந்துபோகிறீர்கள். ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒன்று சரேலென்று ஊர்ந்து மறைகிறது. அது என்னவென்று திரும்பிப் பார்க்க உங்களுக்கு அனுமதியில்லை, ஏனென்றால் கேமரா உங்களுடையது அல்ல. எதை எப்போது காட்டுவது என்பதை அந்தக் கோணத்தை வைத்தவர்கள் முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். அறைக்குள் ஜாம்பியின் முனகல் கேட்கும், ஆள் தெரியாது. திரையின் விளிம்புக்கு அப்பால் இருக்கும் வெறுமையை நோக்கித் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்போம். தோட்டா பட்டதா இல்லையா என்பதைக்கூடக் காதால்தான் அறிய வேண்டும்.

அந்த அறைகளெல்லாம் முன்கூட்டியே தீட்டி வைக்கப்பட்ட அசையாப் படங்கள். அவ்வளவு நுணுக்கமான அறையை அந்த நொடியிலேயே வரைந்து காட்டும் வலு முதல் பிளேஸ்டேஷனுக்குக் கிடையாது. கதவு மெல்லத் திறக்கும் அந்தக் காட்சியும், அடுத்த அறையின் தரவு வட்டிலிருந்து ஏறும்வரை நேரம் கடத்துவதற்காக வைத்ததுதான். இயந்திரத்தின் போதாமையைப் பயமாக மாற்றினார்கள். அது ஒரு தனிக் கலை என்று இன்றும் சொல்வேன்.

அப்படியிருக்க ஏன் மாற்றினார்கள்? நீங்கள் விளையாடிய 2002 மறு ஆக்கம்தான் பழைய பாணியின் உச்சம். அது எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. நான்காம் பாகத்தை அதிரடிப் பக்கம் திருப்பியதற்கு அந்த ஏமாற்றமும் ஒரு காரணம் என்று முதல் பாகத்தை இயக்கிய ஷின்ஜி மிகாமியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இது இன்றும் வலிக்கிறது. நான்காம் பாகத்துக்காகப் பல வடிவங்களைத் தொடங்கித் தூக்கியெறிந்தார்கள். அவற்றில் ஒன்றுதான் 2001இல் டெவில் மே கிரை என்ற பெயரில் தனி விளையாட்டாக வெளிவந்தது. கையில் கொக்கி ஏந்திய உருவம் கதாநாயகன் லியானைத் துரத்தும் இன்னொரு வடிவத்தை 2003இல் பொதுவெளியில் காட்டினார்கள். அதுவும் குப்பைக்குப் போனது. கடைசியில் மிகாமி தானே இயக்குநர் நாற்காலியில் அமர்ந்து முடித்தார்.

இத்தனை வருத்தத்தோடும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பழைய பயத்தின் ஒரு எலும்பை மிகாமி பத்திரமாக எடுத்து உள்ளே வைத்தார். லியான் குறிபார்க்கும்போது நடக்க முடியாது. சுட வேண்டுமென்றால் நின்றாக வேண்டும். முதல் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். நாலா பக்கமும் ஊர்க்காரர்கள் நெருங்குகிறார்கள், வீட்டுக்குள் ஓடி அலமாரியைத் தள்ளி வாசலை அடைத்தால் ஏணி வைத்து மாடிக்கு ஏறுகிறார்கள், தலையில் சாக்கு மாட்டிய ஒருவன் ரம்பத்தோடு வருகிறான். ஒவ்வொரு முறை துப்பாக்கியை உயர்த்தும்போதும் கால்களைத் தரையில் அறைந்துகொள்கிறீர்கள். முழங்காலில் சுட்டுத் தடுமாற வைத்து உதைத்தால் தோட்டா மிச்சம். நிற்பதா ஓடுவதா, சுடுவதா சேமிப்பதா என்ற பழைய கணக்கு அப்படியே உயிரோடு இருக்கிறது. கேமரா மாறியது, கணக்கு மாறவில்லை.

ஆறாம் பாகம் அந்தக் கணக்கைத்தான் கைவிட்டது. நடந்தபடி சுடலாம், தரையில் சறுக்கலாம், உருளலாம், மல்லாந்து படுத்தும் சுடலாம், கையாலும் காலாலும் அடித்தே ஒரு கூட்டத்தைச் சாய்க்கலாம். ஜாம்பி திரும்ப வந்தது, ஆனால் அதைக் கண்டு ஓட வேண்டிய காரணம் வரவில்லை. கதையும் எல்லோரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தப் பார்த்தது: திகில் விரும்பிகளுக்கு லியான், போர் விளையாட்டுக்காரர்களுக்குக் கிறிஸ், துரத்தல் பிடித்தவர்களுக்கு ஜேக், புதிர் பிடித்தவர்களுக்கு ஏடா. 2012இல் வந்த அந்த ஆட்டத்துக்கு 70 லட்சம் பிரதிகள் என்று இலக்கு வைத்திருந்த கேப்காம் (இந்த வரிசையை உருவாக்கும் நிறுவனம்), அதை 60 ஆகவும் பிறகு 50 ஆகவும் குறைத்தது. பல ஆண்டுகள் தள்ளுபடியில் ஓடி அந்தப் பழைய இலக்கைத் தாண்டியது வேறு கதை.

ஏழாம் பாகம் ஏன் பிடித்தது என்பதை நீங்களே விளையாடிக் கண்டுபிடிப்பது நல்லது. ஒரே ஒரு குறிப்பு மட்டும். கதை நடக்கும் பேக்கர் குடும்பத்தின் வீட்டில் ஒரு சிலையின் கையில் ஒரு ஷாட்கன் இருக்கும். எடுத்ததும் கதவு அடைத்துக்கொள்ளும். அங்கே நின்று, முதல் பாகத்தின் மாளிகையிலும் ஷாட்கனை எடுத்தால் பொறி காத்திருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசித்தோட்டா:

நிலவறை ஐயா ஆறாம் பாகத்துக்கு நியாயம் செய்யவில்லை என்று நினைக்கிறேன். நானும் என் தம்பியும் ஒரே திரையைப் பிரித்துக்கொண்டு அதை முழுதாக முடித்தோம். சண்டையிடும் முறையில் இந்த வரிசையிலேயே இவ்வளவு ஆழம் வேறெதிலும் இல்லை. எதிரியின் அடி விழும் கணத்தில் எதிரடி கொடுக்கலாம், குறிபார்க்காமலே சட்டென்று ஒரு தோட்டா விடலாம், பின்னால் சாய்ந்து விழுந்து தப்பிக்கலாம். பிரச்சினை என்னவென்றால் இவற்றில் பாதியை அந்த ஆட்டம் உங்களுக்குச் சொல்லித்தருவதே இல்லை. தெரியாமல் விளையாடுகிறவர் தோட்டா தீர்ந்து தவித்து, 'இது மோசமான ஆட்டம்' என்று மூடிவைத்துவிடுகிறார். மெர்சனரிஸ் என்ற, கதைக்கு வெளியே உள்ள சண்டைப் பகுதியில் கொஞ்ச நாள் பழகிவிட்டு மறுபடி கதைக்குள் போய்ப் பாருங்கள். வேறு ஆட்டமாகத் தெரியும்.

இன்னொன்று. நிலவறை ஐயாவே டெவில் மே கிரை பற்றிச் சொன்னார். அது ரெசிடென்ட் ஈவிலிலிருந்து ரொம்பத் தூரம் போய்விட்டது என்று தெரிந்ததும் வேறு பெயர் வைத்தார்கள். அதனால் யாரும் அதை 'துரோகம்' என்று சொல்லவில்லை, அதற்கென்று ஒரு கூட்டமே சேர்ந்தது. ஆறாம் பாகத்துக்கும் வேறு பெயர் வைத்திருந்தால் இத்தனை கோபம் எழுந்திருக்காது. அட்டையில் இருக்கும் எண் ஒரு வாக்குறுதி. கோபம் ஆட்டத்தின்மீது இல்லை, அந்த எண்ணின்மீது.

பனங்காடு:

இருவருக்கும் நன்றி. மெர்சனரிஸ் பகுதியை இன்றே தொடங்குகிறேன்.

நிலவறை அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். குறிபார்க்கும்போது நிற்க வேண்டும் என்பதுதான் உயிர்நாடி என்றால், ஐந்தாம் பாகத்திலும் அது இருக்கிறதே? அதில் எனக்குப் பயமே வரவில்லை. ஏழாம் பாகத்தின் டெமோவில் நடந்துகொண்டே குறிபார்க்க முடிந்தது, ஆனால் பயத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் விளையாடினேன்.

நிலவறை:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். நிற்பது மட்டும் போதாது, தனியாக நிற்க வேண்டும். ஐந்தாம் பாகத்தில் உங்கள் பக்கத்தில் எப்போதும் கூட்டாளி ஷேவா இருக்கிறாள், பாதிக்கு மேல் கொளுத்தும் வெயில் வேறு. அது 2009இல் வந்தபோது விமர்சனம் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடையில் 2006இல் கியர்ஸ் ஆஃப் வார் வந்து, தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்துக்கொண்டே நடந்தபடி சுடப் பழக்கிவிட்டது. நான்காம் பாகத்திடம் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பதற்றம் என்று புகழப்பட்ட அதே கட்டுப்பாடு 2009இல் 'பழங்காலத்துக் கட்டுப்பாடு' ஆகிவிட்டது. ஆறாம் பாகம் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டதற்கு இந்த முணுமுணுப்பும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். ரசிகர்கள் கேட்டதைத்தான் கொடுத்தார்கள்.

ஏழாம் பாகத்தில் கட்டுப்பாடு கால்களில் இல்லை, கண்ணில் இருக்கிறது. உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. பழைய கேமரா திரை விளிம்புக்கு அப்பால் மறைத்ததை இது தலைக்குப் பின்னால் மறைக்கிறது. அதோடு வீட்டின் அமைப்பைக் கவனியுங்கள்: தேள், காகம், பாம்பு பொறித்த சாவிகள், மூன்று நாய்த்தலைகளைத் தேடிப் பொருத்தினால் திறக்கும் கதவு, பொருட்களைப் போட்டுவைக்கும் பெட்டி, பாதுகாப்பான ஓர் அறை. 1996இன் மாளிகையை லூசியானா சதுப்பு நிலத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 2016இல் டெமோ வந்தபோது 'இது ரெசிடென்ட் ஈவிலே இல்லை' என்று கத்தியவர்கள் ஏராளம், ஏனென்றால் டெமோவில் இதெல்லாம் அநேகமாகத் தெரியவில்லை. 2017 மார்ச்சுக்குள் 40 லட்சம் பிரதிகள் என்று எதிர்பார்த்தார்கள், 35 லட்சம்தான் போனது. பிறகு வாய்வழியாகவே பரவி ஒரு கோடியைத் தாண்டியது. முதல் மாதத்து விற்பனை என்பது பெரும்பாலும் முந்தைய பாகத்துக்கான தீர்ப்பு. ஏழாம் பாகத்தின் மந்தமான தொடக்கத்தில் ஆறாம் பாகத்தின் பங்கு நிச்சயம் உண்டு.

கடைசித்தோட்டா சொன்ன பெயர் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் கோபம் எண்ணின்மீது மட்டும்தான் என்பதை ஏற்கவில்லை. ஆறாம் பாகம் பத்தடிக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தச் சொல்லி ஆட்டத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

2019இல் வந்த இரண்டாம் பாகத்தின் மறு ஆக்கத்தை அவசியம் விளையாடுங்கள். தோளுக்குப் பின்னால்தான் கேமரா. நடந்துகொண்டே சுடலாம். ஆனால் நின்றால்தான் குறிவட்டம் சுருங்கி இறுகும், தோட்டா வலுவாக இறங்கும். தலையில் மூன்று நான்கு வாங்கியும் ஜாம்பி எழுந்து வரும். எந்த ஜன்னலைப் பலகை வைத்து அடைப்பது, எதை விடுவது என்று யோசித்து யோசித்து நடக்க வேண்டும். 2005இல் விலகிய நான் முழு மனதோடு திரும்பியது அந்த ஆட்டத்தில்தான்.

அரிக்கேன்விளக்கு:

அசையாத கேமராவுக்காக ஏங்குகிறவர்களுக்கு ஒரு சேதி. 2002 மறு ஆக்கத்தையே கேப்காம் 2015இல் மெருகேற்றி வெளியிட்டபோது ஓராண்டுக்குள் பத்து லட்சத்துக்கு மேல் போனது. அந்தப் பசி எங்கும் போய்விடவில்லை. பெரிய நிறுவனங்கள் விட்ட இடத்தைச் சிறியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சிலி நாட்டிலிருந்து 2021இல் வந்த டார்மென்டட் சோல்ஸ், பழைய கோணங்களை அப்படியே மீட்டெடுத்தது. 2022இல் வந்த சிக்னாலிஸ் ஜெர்மனியைச் சேர்ந்த இரண்டே பேரின் உழைப்பு, ஆறே பொருட்களுக்கு மேல் சுமக்க விடாது. 2024இல் க்ரோ கன்ட்ரி வந்தது. கைவிடப்பட்ட கேளிக்கைப் பூங்காவில் நடக்கும் கதை, கொஞ்சம் இளகிய மனத்தோடு செய்யப்பட்டது.

பனங்காடு, நீங்கள் ஏழுக்குப் போவதற்கு முன் சிக்னாலிஸை முடித்துவிட்டுப் போகலாம். டார்மென்டட் சோல்ஸில் பாத்திரத்தை நடத்தும் பழைய பாணியும் (கேமரா எங்கிருந்தாலும், முன்னே அழுத்தினால் பாத்திரம் தான் பார்க்கும் திசையில் நடக்கும்) புதிய பாணியும் இரண்டுமே உண்டு. பழையதையே எடுங்கள். கேமரா கோணம் வெட்டும்போது திசை குழம்பாமல் ஓட அதுதான் உதவும்.