பழையபேட்டை தெரு குழு: கற்பூரவல்லி டெஸ்ட்

கோடி வீட்டு அக்கா: பையன் ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு, கற்பூரவல்லி கிருமியைக் கொல்லுதான்னு காட்டணும்ங்கறான். இலையைத் தண்ணில கொதிக்க வெச்சு ஊத்துனா போதுங்களா?

லேப் அண்ணா: போதாதுங்கக்கா. அதுல வேலை செய்யறது இலை எண்ணெய்ல இருக்கற கார்வக்ரால், தைமால்ங்கற பொருளுங்க. ரெண்டும் தண்ணில சரியா கரையாது, கொதிச்சா ஆவியோட போயிடும். கஷாயத்துக்கு வட்டம் (சுத்தி கிருமி வளராத தெளிவான இடம்) வரலைன்னா இலையைக் குறை சொல்ல முடியாது.

பயாலஜி டீச்சர்: எத்தனால்ல ஊற வைங்க. பச்சையா போட்டா இலைல இருக்கற தண்ணியே ஆல்கஹாலை நீர்த்துடும். பொடிசா நறுக்கி நிழல்ல பரப்பிக் காய வைக்கணும். குவிச்சு வெச்சா பூஞ்சை பிடிக்கும், வெயில்ல போட்டா வாசனை போயிடும். வாசனைதாங்க மருந்தே. காஞ்சதை அரைச்ச பொடி 10 கிராமுக்கு எத்தனால் 100 மில்லி, இறுக்கி மூடி 48 மணி நேரம், அப்புறம் வடிகட்டுங்க.

லேப் அண்ணா: கிருமி வளர்க்கற ஜெல்லிக்கு, முல்லர் ஹிண்டன் அகார் பொடி தண்ணி 100 மில்லிக்கு 3.8 கிராம். 90 மி.மீ. தட்டுக்கு 25 மில்லி ஊத்துனா 4 மி.மீ. கனம் வரும். கனம் கூடினா வட்டம் சுருங்கும். 6 மி.மீ. டிஸ்க்ல (சின்ன வட்டக் காகிதம்) வடிகட்டுன சாறு 10 மைக்ரோலிட்டர் விட்டு, நல்லா காஞ்சதும் இன்னொரு 10, அதுவும் காஞ்சதும் கிருமி தடவின அகார் மேல வைங்க. தட்டைக் கவுத்து 37 டிகிரில 18 மணி நேரம். நிமிர்த்தி வெச்சா மூடில வேர்க்கற தண்ணி சொட்டி எல்லாம் கலைஞ்சிடும்.

பயாலஜி டீச்சர்: அதே தட்டுல வெறும் எத்தனால் விட்டுக் காய வெச்ச டிஸ்க் ஒண்ணு கட்டாயம் வேணும். அதைச் சுத்தியும் வட்டம் வந்தா கொன்னது ஆல்கஹால், இலையில்ல. இது இல்லாத சார்ட்டை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

மாடி வீட்டுத் தம்பி: ஜென்டாமைசின்ங்கற ஆன்டிபயாடிக் டிஸ்க்கோட வட்டம் பெருசா இருந்தா இலை மட்டமா டீச்சர்?

பயாலஜி டீச்சர்: அப்படி ஒப்பிடக் கூடாதுப்பா. அது தண்ணில கரையற சுத்தமான மருந்து, அகார்ல சுலபமா பரவும். இலையோட எண்ணெய் அப்படிப் பரவாது. ஜென்டாமைசின் டிஸ்க், தட்டு சரியா வேலை செய்யுதான்னு பாக்கத்தான்.

கோடி வீட்டு அக்கா: கிருமிக்கு எச்சில் எடுத்துக்கலாமா?

லேப் அண்ணா: வேண்டவே வேண்டாங்கக்கா! என்ன வளருதுன்னே தெரியாது. காலேஜ் லேப்ல ஈ.கோலை கே-12, பேசில்லஸ் சப்டிலிஸ்னு பாடத்துக்கு வெச்சிருக்கற பாக்டீரியா இருந்தா அங்கயே, அவங்க மேற்பார்வைல செய்யட்டும். ஈ.கோலைக்கு வெளிச்சவ்வு ஒண்ணு கூடுதலா இருக்கறதால வட்டம் பெரும்பாலும் சின்னதாத்தான் வரும். தட்டைத் திறக்காம டேப் ஒட்டி அளக்கணும். முடிஞ்சதும் கிருமியைக் கொல்ல ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி), 121 டிகிரி, 20 நிமிஷம்.

கோடி வீட்டு அக்கா: எத்தனாலுக்கு மெடிக்கல்ல ஸ்பிரிட் வாங்கிக்கவா?

லேப் அண்ணா: அதுல வேற சரக்கும் கலந்திருக்கலாம். லேப்லயே கேளுங்க. அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோவாதீங்க.