காந்தாரம் இல்லாத கார்டு: உங்களுக்கு சஸ் (சஸ்பெண்டட்) கார்டு எப்போது புரிந்தது?

கீபோர்டுக்காரன்:
எனக்குப் புரிந்தது ஒரு கல்யாண ரிசப்ஷனில். கச்சேரி முடிகிற நேரம், பாடகர் மத்யமாவதியில் சின்னதாக ஓர் ஆலாபனை எடுத்தார். ஒரு கட்டை சுருதி. ஸட்ஜம் சி தானே என்று நான் பாட்டுக்கு சி மேஜர் கார்டை, அதாவது சி-ஈ-ஜி மூன்றையும் சேர்த்து, பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடியபடியே திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பயந்துபோய் சி மைனருக்கு மாறினேன். இந்த முறை கையாலேயே "வேண்டாம்" என்றார். அப்புறம் அவர் முடிக்கும்வரை இடது கையில் ச-ப மட்டும்தான்.

பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சொன்னார்: "அந்த ராகத்துல காந்தாரமே கிடையாது தம்பி. நீங்க ரெண்டு காந்தாரத்தையும் போட்டுப் பாத்துட்டீங்க."

மத்யமாவதிக்கு ச ரி ம ப நி, அவ்வளவுதான். சி மேஜரின் நடுவில் நிற்கும் ஈ, அந்தர காந்தாரம். மைனரில் வரும் ஈ ஃப்ளாட், சாதாரண காந்தாரம். கார்டு சிரிப்பதும் அழுவதும் அந்த ஒரு ஸ்வரத்தால்தான். அதை எடுத்துவிட்டு மத்யமத்தை வைத்தால் ச-ம-ப, சஸ்4. ரிஷபத்தை வைத்தால் ச-ரி-ப, சஸ்2. இரண்டும் ராகத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன! புத்தகத்தில் பத்து தடவை படித்தும் ஏறாதது அன்றைக்கு சாம்பார் சாதத்தோடு உள்ளே போனது.

ஆறுதந்தி:
கிதாரில் இது விரலுக்குத்தான் முதலில் புரியும். டி மேஜர் பிடித்து, முதல் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் சுண்டுவிரலை வைத்தால் சஸ்4. அந்தத் தந்தியை விரலே வைக்காமல் விட்டால் சஸ்2. ஒருநாள் சஸ்4 அடித்த கையோடு டீ போட எழுந்து போனேன். இசை என்றால் காத தூரம் ஓடும் என் அக்கா உள்ளேயிருந்து கத்தினாள்: "டேய், அதை முடிச்சுட்டுப் போடா!" சஸ்2 அந்த அளவுக்கு இழுக்காது, என் காதுக்கு.

இன்னொன்று. சி-டி-ஜி என்பது சி சஸ்2-ஆ, ஜி சஸ்4-ஆ என்று நண்பனோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன். ஸ்வரங்கள் அதே மூன்றுதான். அடி ஸ்வரம் வாசிக்கும் பேஸ்காரர் சி, ஜி இரண்டில் எதில் நிற்கிறார் என்று பார்த்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

பாமாலைப் பிரியன்:
சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறேன். 'சஸ்பெண்டட்' என்பதை 'தொங்கும் கார்டு' என்று நானே மொழிபெயர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் குழம்பினேன். எது எங்கே தொங்குகிறது? பழைய ஐரோப்பியக் கோரஸ் இசையில், முந்தின கார்டின் ஸ்வரத்தை அடுத்த கார்டு வந்த பிறகும் ஒரு குரல் விடாமல் பிடித்திருக்கும், அப்புறம்தான் ஒரு படி இறங்கும். எஃப் மேஜரிலிருந்து சி மேஜருக்குப் போகும்போது எஃப்-ஐ மட்டும் பிடித்தே வைத்திருந்து, பிறகு ஈ-க்கு இறக்கிப் பாருங்கள். நடுவில் கேட்பதுதான் சஸ்4.

எங்கள் பாடகர் குழுவில் அந்த எஃப் ஆல்ட்டோவுக்கு (பெண்களில் தாழ்ந்த குரல்). பின்வரிசையில் இரண்டு பேருக்கு மட்டும் பொறுக்காது, வாராவாரம் முன்கூட்டியே இறங்கிவிடுவார்கள்.